கூலிக்கு மட்டுமா மலை?

திருப்பூரில் 'கேம்ப்' என்கிற வார்த்தைக்கு எங்களுக்குத் தெரிந்த அர்த்தம் ஒன்றே ஒன்றுதான். நூல்மில் காம்பவுண்டுச் சுவருக்குள்ளேயே ஹாஸ்டல், ஹாஸ்டலில் வரிசையாகப் பொம்பளைப் பிள்ளைகள், கேட்டில் வாட்ச்மேன், எப்போதாவது வார்டன் கூட்டிப்போனால் கடைவீதி. 'கேம்ப் கூலி' என்று அதற்குப் பேர். மூணு வருசம் வேலை பார், முடிந்ததும் மொத்தமாகப் பணம் தருகிறோம், கல்யாணத்துக்கு ஆகும் என்று சொல்லி ஏஜெண்டுகள் சேரி சேரியாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டி வந்தார்கள். 'சுமங்கலித் திட்டம்' என்று மங்களகரமாக ஒரு பெயரும் வைத்தார்கள். 2011இல் நெதர்லாந்து அமைப்புகள் இரண்டு இதைப் பற்றி அறிக்கை வெளியிட்ட பிறகுதான் வெளிநாட்டில் துணி வாங்குகிறவனுக்குக் கொஞ்சம் உறுத்தியது. அந்தப் பிள்ளைகளில் பெரும்பகுதி நம்ம பிள்ளைகள் என்பது அறிக்கை வருவதற்கு முன்பே நமக்குத் தெரியும்.

இப்போது அதே வார்த்தை வேறு உடுப்புப் போட்டுக்கொண்டு வருகிறது. ஓர் ஆணும் பெண்ணும் வண்டியில் மலை ஏறுகிறார்கள். பனியில் டென்ட் அடிக்கிறார்கள். மூணு கல் வைத்து அடுப்பு மூட்டுகிறார்கள். விடிந்ததும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு டீ குடித்தபடி மேகத்தைப் பார்க்கிறார்கள். இதற்கும் பெயர் கேம்ப்தான். பத்திரிகைகளின் பயணப் பக்கங்களில் இந்தத் தம்பதிகள் எழுதுகிறார்கள்: மனிதக் காலடி படாத மலையாம், பச்சைக் கம்பளம் விரித்த தேயிலைத் தோட்டமாம். கம்பளத்தை விரித்தது யார் என்று ஒருத்தர் எழுதவில்லை. வீட்டைவிட்டுப் போய் வெட்டவெளியில் படுப்பதும், மூணு கல் அடுப்பில் ஆக்கித் தின்பதும் எங்க பாட்டன் பூட்டன் செய்தால் கூலிப்பிழைப்பு. அவர்கள் செய்தால் அனுபவம்.

நான் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறவள். பிறந்தது மூணாறு மலையில் ஓர் எஸ்டேட் லயத்தில். திருநெல்வேலிச் சீமையிலிருந்து கங்காணி கூட்டிக்கொண்டுபோன பள்ளர் குடும்பம் எங்களுடையது. அப்பாவுக்கு வேலைக்காலம் முடிந்தது, வீட்டைக் காலி பண்ணச் சொன்னார்கள். மலையில் அதுதான் நியதி. வேலை இருந்தால்தான் வீடு. மூணு தலைமுறை கொழுந்து கிள்ளினாலும் லயத்தின் ஒரு செங்கல்கூட உனக்குச் சொந்தமில்லை. அப்படி இறங்கி வந்தவர்கள் எத்தனையோ பேர் திருப்பூரில் இருக்கிறோம். இங்கே நாங்கள் வாடகைக்குக் குடியிருக்கிற வரிசை வீட்டுக்கும் 'லைன் வீடு' என்றுதான் பெயர். லைனில் பிறந்து லைனுக்கு வந்தேன்.

வீட்டுக்காரர் பல்லடம் பக்கம். அருந்ததியர். பவர் டேபிள் டெய்லர். மலையில் என் பாட்டி கிள்ளிய இலை சமவெளிக்கு இறங்கி வந்து, டீக்கடைக்கு வெளியே குத்தவைத்திருந்த அவருடைய அப்பாவுக்குக் கொட்டாங்குச்சியில் ஊற்றப்பட்டது. எங்கள் இரண்டு குடும்பத்துக்கும் சம்பந்தம் அப்போதே ஏற்பட்டுவிட்டது என்று அவர் சொல்வார்.

ஒரு சீசன் முழுக்க எங்கள் கம்பெனியில் ஒரு டி-சர்ட் ஆர்டர் ஓடியது. நெஞ்சில் மலை, மலைக்குக் கீழே சின்னதாக ஒரு டென்ட். நூல் பிசிறு, ஓட்டை, எண்ணெய்க்கறை பார்த்து, நல்ல மலையைத் தனியாகவும் கறைபட்ட மலையைத் தனியாகவும் ஒதுக்குவது என் வேலை. ஒருநாள் ராத்திரி ஒன்றரை ஷிப்டு முடித்து வந்து, "அந்த டென்டுக்குள்ள ஒருநாள் படுத்துப் பாக்கணும் மாமா" என்றேன். அவர் சிரிக்கவில்லை. பொங்கல் லீவுக்கு இரண்டு பேர் படுக்கிற டென்ட் ஒன்று வாங்கிவிட்டார். பைக்கில் பின்சீட்டில் கட்டிக்கொண்டு கிளம்பினோம். நாலு நாள்.

கிளம்புவதற்கு முன்னாலேயே சண்டை ஆரம்பித்துவிட்டது. சங்கத்துத் தோழர் ஒருவர் சொன்னார்: "என்ன தோழர், சம்பள உயர்வுக்குப் போராடுற நேரத்துல டூரா? இதெல்லாம் மேட்டுக்குடிப் பழக்கமுங்க." அவர் ஒருவர் மட்டுமா சொல்கிறார்? நம் கூட்டங்களிலும் நம் பத்திரிகைகளிலும் இந்தக் குரல் இருக்கிறது. தலித் என்றால் பசி, தலித் என்றால் பிணம், தலித் என்றால் வழக்கு. தலித் ஒருத்தி மலையைப் பார்க்க ஆசைப்பட்டால் அது வர்க்கத் துரோகம். இந்தப் பேச்சுக்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

தோழர்களே, மே தினம் எதற்காக வந்தது? எட்டு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் உறக்கம், எட்டு மணி நேரம் நமக்கு என்று கேட்டுத்தானே? அந்த மூணாவது எட்டு எங்கே போனது? பன்னிரண்டு மணி நேரத்தை 'ஒன்றரை ஷிப்டு' என்று எண்ணுகிற ஊரில் அந்த எட்டைத் தொலைத்துவிட்டோம். தொலைத்ததைத் தேடாமல், தேடிப் போகிறவளை மேட்டுக்குடி என்கிறீர்கள். சம்பள உயர்வு எதற்கு? அரிசிக்கும் வாடகைக்கும் மட்டும்தானா? கூலிக்காரனுக்கு வயிறு மட்டும்தான் உண்டு, கண் கிடையாது என்று முதலாளி நினைக்கிறான். நீங்களும் அப்படியே நினைத்தால் எப்படி?

இது அண்ணலிடமிருந்து வந்த பாடம். 'வெயிட்டிங் ஃபார் எ விசா' என்று அவர் எழுதிய சின்னப் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். முதல் கதையே பயணக் கதை. அப்பாவைப் பார்க்கப் புறப்பட்ட சிறுபிள்ளைகள் மாட்டுவண்டியில் ராத்திரி முழுக்கக் குடிக்கத் தண்ணீர் கிடைக்காமல் போன கதை. இன்னொன்று 1934இல் நடந்தது. அவரும் கூட முப்பது பேர் அளவில் தோழர்களும் எல்லோரா குகைகளைப் பார்க்கப் புறப்படுகிறார்கள். மாநாட்டுக்கு இல்லை, வழக்குக்கு இல்லை. ஊர் பார்க்க. வழியில் தௌலதாபாத் கோட்டை. பயணத் தூசி போகக் கோட்டை வாசல் குளத்தில் முகம் கை கால் கழுவினார்கள். உள்ளூர் முஸ்லிம்கள் திரண்டு வந்து, குளம் தீட்டாகிவிட்டது என்று சண்டைக்கு நின்றார்கள். கடைசியில், கோட்டைக்குள் எங்கேயும் தண்ணீரைத் தொட்டுவிடாமல் பார்த்துக்கொள்ள ஆயுதம் தாங்கிய ஒரு சிப்பாயைக் கூட அனுப்பினார்கள். இந்துவுக்குத் தீண்டத்தகாதவன் மற்ற மதத்தானுக்கும் தீண்டத்தகாதவனாகவே இருக்கிறான் என்று காட்ட அண்ணல் இதை எழுதினார்.

நான் இதில் இன்னொன்றையும் பார்க்கிறேன். உலகம் படித்த மனிதர், நண்பர்களோடு பஸ் பிடித்து ஊர் பார்க்கப் போனார். அதை மேட்டுக்குடிப் பழக்கம் என்று சொல்வீர்களா? தமிழில் பயண இலக்கியம் என்று பட்டியல் போடுகிறவர்கள் அந்தப் புத்தகத்தை அதில் சேர்த்திருக்கிறார்களா? சேர்க்க மாட்டார்கள். அவர்கள் பயணத்தில் தண்ணீர் அருவியாக வரும், ரசிக்கலாம். நம் பயணத்தில் தண்ணீர் தீட்டாக வரும்.

மலை நமக்குப் புதுசா என்ன? அயோத்திதாசப் பண்டிதர் வளர்ந்ததும் சபை கண்டதும் நீலகிரியில். இரட்டைமலை சீனிவாசன் கணக்கு எழுதிப் பிழைத்ததும் அதே மலையில். 1891இல் திராவிட மகாஜன சபை கூடித் தீர்மானங்கள் போட்டது உதகையில். வெள்ளைக்காரன் குளிர்காயப் போன மலையில் நம்மவர்கள் உரிமை கேட்கக் கூடினார்கள். அந்த மலைக்கு இன்று டூர் போகிறவர்களுக்குப் பூங்கா தெரியும், படகு தெரியும், இது தெரியாது. நமக்கே எத்தனை பேருக்குத் தெரியும்?

சரி, பாதைக்கு வருகிறேன். பல்லடம் தாண்டி உடுமலை ரோட்டில் இரண்டு பக்கமும் காற்றாலைகள் சுற்றுகின்றன. தூரத்தில் மலை நீலமாக எழும்புகிறது. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. உடுமலை பஸ் ஸ்டாண்டு வந்ததும் வண்டியின் வேகம் தானாகக் குறைந்தது. நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு பேரும் பேசவில்லை.

2016 மார்ச் 13. துணி வாங்கிக்கொண்டு பஸ் ஏற வந்த புருசனும் பெண்டாட்டியும். குமரலிங்கத்துச் சங்கரும் பழநிக் கௌசல்யாவும். பட்டப்பகல், ஜனக்கூட்டம். அரிவாளோடு வந்து வெட்டிவிட்டு நிதானமாக பைக்கில் ஏறிப் போனதைக் கேமரா பார்த்தது, ஊர் பார்த்தது. சங்கர் செத்தார், கௌசல்யா பிழைத்தார். 2017 டிசம்பரில் திருப்பூர் நீதிமன்றம் கௌசல்யாவின் அப்பா உட்பட ஆறு பேருக்குத் தூக்கு என்றது. 2020 ஜூனில் உயர்நீதிமன்றம் அப்பாவை விடுதலை செய்தது, மற்ற ஐந்து பேரின் தூக்கை ஆயுளாகக் குறைத்தது. அந்த பஸ் ஸ்டாண்டிலிருந்துதான் மூணாறுக்குச் சுற்றுலாப் பாதை ஆரம்பிக்கிறது.

இன்னொரு மலையும் உண்டு எங்கள் பக்கத்தில். திருச்செங்கோடு. ஆண் பாதி பெண் பாதியாகச் சாமி நிற்கிற மலை. 2015 ஜூன் 23 அன்று அந்த மலைக்கோயிலில் கூடப் படித்த பெண்ணோடு பேசிக்கொண்டிருந்தார் கோகுல்ராஜ். தலித் பையன், அந்தப் பெண் கவுண்டர். மறுநாள் ரயில் தண்டவாளத்தில் உடல் கிடந்தது. ஒரே உடம்பில் ஆணும் பெண்ணும் சேர்ந்து நின்றால் கும்பிடுகிற ஊர், படிக்கட்டில் இரண்டு பேர் தள்ளித் தள்ளி உட்கார்ந்து பேசினால் கொல்கிறது. 2022இல் தண்டனை கிடைத்தது, 2023இல் உயர்நீதிமன்றமும் உறுதி செய்தது. நல்லது. ஆனால் தீர்ப்புக்குப் பிறகு எத்தனை ஜோடிகள் பயமில்லாமல் அந்தப் படி ஏறுகிறார்கள்?

தம்பதிகளாக மலைப்பயணம் போய் எழுதுகிறவர்களே, உங்கள் குறிப்பில் டயர் காற்றும் பெட்ரோல் பங்கும் வருகின்றன. எந்த ஊரில் பைக்கை நிறுத்தக்கூடாது, எந்த டீக்கடையில் பேரைக் கேட்டால் என்ன சொல்ல வேண்டும், எங்கே கையைப் பிடித்துக்கொண்டு நடக்கலாம், எங்கே மூணடி தள்ளி நடக்க வேண்டும் என்ற குறிப்பு வருவதில்லை. உங்களுக்குத் தேவைப்படவில்லை. எங்கள் பிள்ளைகளுக்கு அதுதான் முதல் குறிப்பு. சாலை பொது என்று சட்டம் சொல்கிறது. ஒற்றை ஆளாக நடக்கும்போது பாதி பொது. ஜோடியாக நடக்கும்போது அதுவும் இல்லை.

அமராவதி அணைப் பக்கம் திரும்பாமல், ஒன்பதாறு செக்போஸ்ட் வழியாகச் சின்னாறு தாண்டி மறையூர் ஏறினோம். யானைக்காடு, பகலிலேயே கடந்துவிட வேண்டும். மலையில் ஒரு தனியார் கேம்ப். பேர் வேண்டாம். டென்ட் நாங்களே வைத்திருக்கிறோம், இடத்துக்கு மட்டும் காசு தருகிறோம் என்றோம். மேஜையில் இருந்தவர் எங்கள் கொங்குப் பக்கத்து ஆள்தான். முகம் மலர்ந்து பேசினார்.

"ஏனுங், எந்தூருங்க?"

"பல்லடம் பக்கமுங்க."

"பல்லடத்துல எங்கீங்க?"

எங்களுக்கு இந்தக் கேள்வி வழக்கம். ஊர் கேட்டு, வீதி கேட்டு, கடைசியில் சாதியில் வந்து நிற்கும். அவர் ஊர் பேரோடு நிறுத்திக்கொண்டார். ஆதார் கேட்டார்கள், கொடுத்தோம். அட்டையில் விலாசம் அச்சாகியிருக்கிறதே: ஏ.டி. காலனி. வாசித்தார். முகத்தில் ஒன்றும் மாறவில்லை, குரல் மட்டும் மாறியது. "டென்ட் எடமெல்லாம் புக் ஆயிருச்சுங்களே." கண்ணுக்கு முன்னால் காலி இடம் கிடக்கிறது. நாங்கள் வண்டியைத் திருப்பும்போதே ஒரு கார் வந்து உள்ளே போனது. கேட்டால் என்ன சொல்வார்? சாதி கேட்டேனா என்பார். கேட்கவில்லைதான். அரசாங்கம் அச்சடித்துக் கொடுத்ததை வாசித்தார், அவ்வளவுதான்.

2025 ஏப்ரல் 29 அன்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக அறிவித்தார். வரவேற்கிறோம். ஆனால் சொல்லை அழித்த பிறகும் தெரு அங்கேயேதான் இருக்கும். ஊருக்குக் கிழக்கே, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், சுடுகாட்டுக்குப் பக்கத்தில். பேரை மாற்றினால் மோப்பம் மாறிவிடுமா?

அன்றைக்கு எங்கே படுத்தோம்? என் அத்தை வீட்டு லயத்து வாசலில். அங்கே டென்ட் அடித்தோம். லயத்துப் பிள்ளைகள் பத்துப் பேர் உள்ளே புகுந்து கும்மாளம் போட்டார்கள். அத்தை இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தாள். "ஏட்டி, காசு குடுத்து வாங்குனியா இத? வீடு இருக்கைலே எதுக்கு வெளிய படுக்கணும்? எங்காத்தா மலையேறி வந்தப்ப வழியெல்லாம் வெளியதான் படுத்தாளாம். அதுக்கு ஒருத்தனும் காசு கேக்கலை." எல்லாரும் சிரித்தோம். சிரித்து முடிந்ததும் அதில் இருக்கிற கணக்கு எனக்கு உறைத்தது.

எப்படி வந்தார்கள் இந்த மலைக்கு? 1877இல் பூஞ்சாறு ராஜாவிடமிருந்து மன்றோ என்கிற வெள்ளைக்காரர் கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்கு எழுதி வாங்கினார். காட்டை வெட்டவும் தேயிலை நடவும் ஆள் வேண்டும். கங்காணிகள் தெற்குச் சீமைக்கு இறங்கினார்கள். பஞ்சத்திலும் சாதியிலும் செத்துக்கொண்டிருந்த ஜனம் முன்பணம் வாங்கிக்கொண்டு போடிப் பக்கமாக மலையேறியது. பின்னால் டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டகுடிக்குத் தேயிலைப் பெட்டி இறக்கக் கம்பிவடம் போட்டார்கள். தேயிலைக்குக் கம்பிவடம். கூலிக்குக் கால்நடை. ஆனைமலையிலும் இதே கதை. அங்கே எஸ்டேட் டாக்டராக இருந்த பி.எச். டேனியல் 1969இல் இங்கிலீஷில் 'ரெட் டீ' என்று நாவல் எழுதினார். இரா. முருகவேள் மொழிபெயர்ப்பில் 2007இல் 'எரியும் பனிக்காடு' என்று தமிழில் வந்தது. கறுப்பனும் வள்ளியும் என்று ஒரு புருசன் பெண்டாட்டி மலைக்குப் போன கதைதான் அதுவும். தம்பதிகளின் மலைப்பயணம் என்றால் எனக்கு முதலில் ஞாபகம் வருகிறது அந்த ஜோடிதான். அவர்கள் போனது பார்த்துவிட்டுத் திரும்புவதற்கு அல்ல. திரும்பவே விடாத பயணம் அது.

போடிப் பக்கத்து அந்த மலைச்சரிவில்தான் குரங்கணி இருக்கிறது. 2018 மார்ச் 11 காட்டுத்தீயில் மலையேற்றம் போன 23 பேர் இறந்தார்கள். சென்னையிலிருந்தும், எங்கள் ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்திலிருந்தும் போனவர்கள். இளவயசுப் பிள்ளைகள். அவர்களைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. மலை பார்க்க ஆசைப்பட்டது குற்றமில்லை என்பதுதான் என் கட்சியே. நாடே அவர்களுக்காகத் துக்கப்பட்டது, அதுதான் நியாயம். அதே நியாயத்தை இன்னொரு சாவுக்குக் கேட்கிறேன்.

2020 ஆகஸ்ட் 6 ராத்திரி. ராஜமலைக்கு அந்தப் பக்கம் பெட்டிமுடி. மழையில் மலை சரிந்து லயங்களின் மேல் விழுந்தது. தூங்கிக்கொண்டிருந்த 70 பேர் போனார்கள். நாலு பேரின் உடல் கிடைக்கவே இல்லை. கயத்தாறு பக்கத்திலிருந்து தலைமுறைகளுக்கு முன் போன தமிழ்க் குடும்பங்கள், பெரும்பாலும் நம் ஜனம். மறுநாள் கரிப்பூரில் விமானம் விழுந்தது. விமானத்தில் இறந்தவர்களுக்குக் கேரள அரசு அறிவித்தது 10 லட்சம். லயத்தில் இறந்தவர்களுக்கு 5 லட்சம். கரிப்பூருக்கு முதலமைச்சர் அடுத்த நாளே போனார், பெட்டிமுடிக்கு வர ஒரு வாரம் ஆனது. உயிருக்கு விலைப்பட்டியல் உண்டு என்று இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்? மழைக்காலத்தில் அத்தை ராத்திரி தூங்குவதில்லை. எழுந்து உட்கார்ந்து மலைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பாள். நீங்கள் காசு கொடுத்துக் கேட்கிற அதே சத்தம்தான்.

ஆனால் மலை எங்களுக்குச் சாவை மட்டும் கொடுக்கவில்லை. 2015 செப்டம்பரில் மூணாறு ரோட்டில் உட்கார்ந்த பெண்களை நினைத்துப் பாருங்கள். 20 சதவீதமாக இருந்த போனஸை 10 ஆக வெட்டியதும், சங்கத்துத் தலைவர்களை ஒதுங்கி நிற்கச் சொல்லிவிட்டுப் 'பெம்பிளை ஒருமை' என்று ஒன்றுசேர்ந்தார்கள். ஒன்பது நாள். சுற்றுலா வண்டிகள் நின்றன. கேட்டதை வாங்கிக்கொண்டுதான் எழுந்தார்கள். அதுவும் வெட்டவெளியில் உட்கார்ந்ததுதான். அதையும் கேம்ப் என்று எழுதுங்களேன்.

இதுவரை சாதி இந்துக்களுக்கும் தோழர்களுக்கும் சொன்னேன். இனி நம்மவர்களுக்கு. அத்தை வீட்டுக்குள் இடம் இருந்தும் நாங்கள் ஏன் வாசலில் படுத்தோம்? டென்டில் படுக்கும் ஆசை ஒரு காரணம். இன்னொரு காரணமும் உண்டு. பக்கத்து லயத்தில் மெதுவாக விசாரித்துக்கொண்டார்கள்: "மாப்ள என்ன ஆளுக?" அருந்ததியர் என்று தெரிந்ததும் ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கூப்பிட வந்த மாமா ஒருவர் கூப்பிடாமலே போனார். வாசலில் டென்ட் இருந்தது எங்களுக்கு வசதியாக இருந்தது. அவர்களுக்கு இன்னும் வசதியாக இருந்தது. நூறு வருசத்துக்கு மேலாக ஒரே மழையில் நனைந்து, ஒரே அட்டைக் கடி வாங்கி, ஒரே லயத்தில் புதைகிற ஜனம், மலையேறும்போது எதை விட்டாலும் இதை விடவில்லை. கீழே கவுண்டர் காலனியைப் பார்த்து மூக்கைப் பிடிக்கிறான், மேலே நாம் நமக்குக் கீழே ஒருத்தரைத் தேடுகிறோம். என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. காலையில் அவர் ஸ்டவ்வில் டீ போட்டார். அத்தை மட்டும் வந்து டென்டுக்குள் காலை நீட்டி உட்கார்ந்து வாங்கிக் குடித்தாள். பெம்பிளை ஒருமை கட்டிய ஊரில் இந்த ஒருமையைக் கட்ட இன்னும் எத்தனை வருசம்? இதைப் பேசாத தலித் அரசியல் யாருக்கு வேண்டும்?

இப்போது என் கோரிக்கைகள். காசு கொடுத்தால் இடம் என்கிற எந்த விடுதியும் எந்த கேம்பும் விலாசத்தை வாசித்து ஆளைத் திருப்பினால் அது வன்கொடுமை என்று வழக்காக வேண்டும். காலியிடத்தைக் காட்டி இடமில்லை என்கிற நாகரிகத் தீண்டாமையை எப்படி நிரூபிப்பது என்று நம் வழக்கறிஞர்கள் சொல்லித்தர வேண்டும். சேர்ந்து வாழ வந்த ஜோடிகளுக்குப் பாதுகாப்பு இல்லங்கள் வேண்டும் என்று 2018இல் உச்சநீதிமன்றமே வழிகாட்டியது. 2025 ஜூலையில் பாளையங்கோட்டையில் கவின் கொல்லப்பட்ட பிறகு, அக்டோபரில் ஆணவக்கொலைகளுக்கு எதிரான சட்டத்துக்குப் பரிந்துரை சொல்ல ஓர் ஆணையத்தைத் தமிழக அரசு அறிவித்தது. ஆணையம் நம் பிள்ளைகளுக்கு வழித்துணையாக வருமா? தனிச்சட்டம் வேண்டும். மலையில் பாடுபட்டவர்களுக்கு மலையில் சொந்த வீடும் நிலமும் வேண்டும். பார்க்க வருகிறவனுக்கு ஏக்கர் கணக்கில் ரிசார்ட் கட்ட முடிகிற மலையில், மரம் வெட்டித் தோட்டம் போட்டவளுக்கு மூணு சென்ட் இல்லை என்பதை ஏற்க முடியாது.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கோரிக்கைப் பட்டியலில் சம்பளத்துக்கும் போனஸுக்கும் பக்கத்தில் சம்பளத்தோடு விடுமுறை என்று ஒரு வரி எழுதுங்கள். வருசத்தில் சில நாள், எதற்கும் இல்லாமல், யாருக்கும் கணக்குச் சொல்லாமல். செத்த வீட்டுக்கும் கல்யாண வீட்டுக்கும் மட்டும் ஊருக்குப் போகிற ஜனமாக நம்மை வைத்திருக்கிறார்கள்.

மாணவர்களுக்கு ஒன்று. போங்கள். ஜோடியாகப் போங்கள், கூட்டமாகப் போங்கள். போய்வந்து எழுதுங்கள். அருவியை எழுதுங்கள், மறையூர்ச் சர்க்கரையை எழுதுங்கள். பனி எப்படி விழுகிறது, பக்கத்தில் பிடித்தமான ஆள் இருக்கும்போது குளிர் எப்படிக் குறைகிறது என்று எழுதுங்கள். நாமும் அழகை எழுதலாம், அதற்கு யாரிடமும் அனுமதி வாங்க வேண்டாம். கூடவே எந்த மேஜையில் விலாசம் கேட்டார்கள், எங்கே தண்ணீர் கொடுத்தார்கள், எங்கே கொடுக்கவில்லை என்பதையும் எழுதுங்கள். நமக்குப் பின்னால் வருகிற ஜோடிக்கு அதுதான் வரைபடம்.

நாங்கள் மறுபடியும் போவோம். அடுத்த முறை வால்பாறை. இந்த மலைகளுக்கு இனி யாரும் எங்களைக் கூட்டிப்போக வேண்டாம். கங்காணியும் வேண்டாம், கைடும் வேண்டாம். வழி எங்களுக்குத் தெரியும். அந்த ரோட்டுக்குக் கல் உடைத்தது எங்கள் ஜனம்.